பள்ளத்தாக்கின் விளிம்பில் குடிநீரும் கழிவுநீரும்

புவியியல் வகுப்பில் ஒரு நாள் ஓடும் நீரின் அரிப்பைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில், அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆறு குடைந்து உண்டாக்கிய கிராண்ட் கேனியன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு என்று நாங்கள் அனைவரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். அப்பொழுது கடைசி வரிசையிலிருந்து ஒரு தோழி எழுந்து, "சிஸ்டர், ஆறு அடியில் ஓடுகிறது. பார்க்க வருகிறவர்கள் மேலே நிற்கிறார்கள். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அவர்கள் கழிவறைக்குப் போனால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "சிரித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து விடையைத் தேடி ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தண்டனையின் பயனே இக்கட்டுரை. கேள்வி கேட்டவளுக்குத் தண்டனை இல்லை. ஆயினும் அவளும் எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

முதலில் அந்த இடத்தை மனக்கண்முன் கொண்டுவருவோம். கிராண்ட் கேனியன் 446 கிலோமீட்டர் நீளமுடையது. சில இடங்களில் அதன் அகலம் 29 கிலோமீட்டர். ஆழமோ ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர். 1919ஆம் ஆண்டில் இது தேசியப் பூங்காவாயிற்று. 2024ஆம் ஆண்டில் மட்டும் இதனைக் காண வந்தோர் 49 இலட்சம் பேர். பள்ளத்தாக்கிற்குத் தென் விளிம்பு, வட விளிம்பு என இரண்டு கரைகள் உண்டு. தென் விளிம்பு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. வட விளிம்பு அதைவிட இன்னும் 300 மீட்டர் உயர்ந்தது. ஒரு பறவை தெற்கிலிருந்து வடக்கே பறந்தால் 16 கிலோமீட்டர்தான். மனிதர் சாலை வழியே சுற்றிப் போனால் 345 கிலோமீட்டர், அதாவது சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போகிற தூரம்!

இவ்வளவு பெரிய ஆறு ஓடுகிற இடத்தில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. விளிம்பில் உள்ள பாறை சுண்ணாம்புக் கல். மழையும் பனியும் விழுந்த மாத்திரத்தில் வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கிவிடுகின்றன. மேலே ஓடையும் இல்லை, ஊற்றும் இல்லை. ஆற்றை எட்டிப் பார்க்கலாம். ஆனால் ஒரு குவளை மொண்டு வர வேண்டுமானால் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழம் இறங்கி ஏற வேண்டும்.

1901ஆம் ஆண்டில் தென் விளிம்புக்கு இரயில் வந்தது. அன்றுமுதல் தண்ணீரும் இரயிலிலேயே வந்தது, அதுவும் ஏறத்தாழ 190 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, தொட்டி வண்டிகளில். இப்படி வந்த தண்ணீரை ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிட மனம் வருமா? 1926ஆம் ஆண்டில் அங்கே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். சுத்தமாக்கப்பட்ட அந்நீரைக் குடிநீரோடு கலக்காமல் தனிக் குழாயில் அனுப்பி, இரயில் எஞ்சின்களின் கொதிகலனுக்கும், கழிவறைகளுக்கும், புல்வெளிக்கும் பயன்படுத்தினார்கள். பயன்படுத்திய நீரை மீண்டும் பயன்படுத்துவதை ஏதோ நம் காலத்துப் புதுமை என்று எண்ணியிருந்தோம். நம் பாட்டியின் பாட்டி காலத்திலேயே ஒரு மலைவிளிம்பில் அது நடந்திருக்கிறது. இதை வாசித்தபொழுது, வகுப்பில் சிரித்ததை நினைத்து எங்களில் சிலருக்கு முகம் சிவந்துவிட்டது.

1932ஆம் ஆண்டில் தென் விளிம்பிற்குக் கீழே, பள்ளத்தாக்கின் பாதி ஆழத்தில் உள்ள ஓர் ஊற்றிலிருந்து பம்பு மூலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரத்திற்குத் தண்ணீரை ஏற்றத் தொடங்கினர். இரயில் தண்ணீருக்கு விடுதலை கிடைத்தது. அந்த ஊற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்து வாழ்ந்தவர்கள் ஹவசுப்பாய் என்னும் பழங்குடியினர். பூங்கா வந்தபின் அவர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 2022ஆம் ஆண்டில்தான் அவ்விடத்திற்கு ஹவசுப்பாய் தோட்டம் என்று அவர்கள் பெயரைச் சூட்டினார்கள். தண்ணீரின் வரலாற்றைத் தேடிப் போனால் அதனடியில் மனிதரின் கண்ணீரும் கொஞ்சம் கலந்திருப்பதைக் காண்கிறோம்.

வந்தவர் தொகை பெருகப் பெருக அந்த ஊற்றும் போதவில்லை. வட விளிம்பிற்குக் கீழே செங்குத்துப் பாறையிலிருந்து ஓர் ஊற்று பேரிரைச்சலோடு பாய்ந்து வருகிறது. அதற்கு ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்று பெயர். முழங்கும் ஊற்று என்று நாம் சொல்லலாம். வட விளிம்பின் காடுகளில் பெய்யும் பனிதான் உருகி, சுண்ணாம்புப் பாறையின் குகைகள் வழியே இறங்கி, இங்கே வெளிப்படுகிறது. இந்த ஊற்றிலிருந்து தென் விளிம்பு வரைக்கும் பள்ளத்தாக்கின் குறுக்கே 20 கிலோமீட்டர் நீளத்துக்கு அலுமினியக் குழாய் போடும் வேலை 1965ஆம் ஆண்டில் தொடங்கியது. 1966 டிசம்பரில் பெருவெள்ளம் வந்து, போட்ட குழாயைப் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி 1970ஆம் ஆண்டில் முடித்தார்கள்.

இக்குழாய் வேலை செய்யும் விதம் நம் பௌதிகப் பாடத்திற்கு அழகான விளக்கம். தண்ணீர் ஊற்றிலிருந்து சரிவில் இறங்கி ஆற்றங்கரைக்கு வருகிறது. அங்கே ஒரு தொங்குபாலத்தின் அடியில் ஆற்றைக் கடக்கிறது. பிறகு எதிர்ப்பக்கச் சரிவில் ஹவசுப்பாய் தோட்டம் வரை எந்தப் பம்பும் இல்லாமல் தானாகவே ஏறிவிடுகிறது! நீர் தன் மட்டத்தை நாடும் என்று நாம் மனப்பாடம் செய்தோமே, அதுதான். ஊற்று அத்தோட்டத்தைவிட உயரத்தில் இருப்பதால் பின்னால் வரும் நீரின் எடையே முன்னால் உள்ள நீரைத் தள்ளி ஏற்றுகிறது. அதற்குமேல் விளிம்பு வரைக்கும் உள்ள உயரத்திற்கு மின்பம்புகள் வேண்டும்.

ஆனால் குழாய்க்கும் வயது உண்டு. பாறை உருண்டு விழுகிறது; காட்டாறு மண்ணை அரிக்கிறது; அலுமினியம் தேய்ந்துபோகிறது. 2010ஆம் ஆண்டுக்குப் பின் மட்டும் 85 முறைக்கு மேல் இது பெரிய அளவில் உடைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழுது பார்ப்போர் நடந்தோ ஹெலிகாப்டரிலோ பள்ளத்தாக்கினுள் இறங்குகிறார்கள். கோடையில் ஆற்றங்கரையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 2024 ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரே குழாயில் நான்கு இடங்களில் உடைப்பு. விடுமுறைக் கூட்டம் வந்து சேரும் வேளை! ஆகஸ்டு 29 முதல் தென் விளிம்பில் இரவு தங்குவதையே நிறுத்திவிட்டார்கள். செப்டம்பர் 5ஆம் நாள்தான் விடுதிகள் மறுபடி திறந்தன. 20 கோடி டாலருக்கு மேல் செலவில் குழாயை மாற்றி அமைக்கும் வேலை 2023ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

இனி எங்களை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறோம். தென் விளிம்பு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். வட விளிம்பு அப்படியன்று. அங்கே குளிர்காலத்தில் பனி குவிந்து சாலை அடைபட்டுவிடும். ஆகையால் வட விளிம்பின் விடுதி வழக்கமாக மே 15 முதல் அக்டோபர் 15 வரை ஐந்து மாதங்களே திறந்திருந்தது. அந்த ஐந்து மாதத்திற்காக ஓர் ஊரே உயிர் பெற்று எழுந்து, பிறகு உறங்கப் போய்விடுகிறது. அந்த ஊரின் தண்ணீரையும் சாக்கடையையும் பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டுமல்லவா? அதற்கென்றே பருவகாலப் பணியாளர்கள் வருகிறார்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் இப்படிப் பருவத்திற்கு மட்டும் சேர்பவர் ஓராண்டில் 1,039 மணி நேரத்திற்கு மேல் வேலை செய்ய முடியாது என்பது விதி. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆறு மாதத்திற்கு ஒரு மணி நேரம் குறைவு! அதற்குப் பின் அவர்கள் வேறு ஊரில் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும். மறு ஆண்டு மறுபடியும் விண்ணப்பம் போட வேண்டும். இவ்வளவு பொறுப்பான வேலைக்கு இவ்வளவு நிலையற்ற ஏற்பாடா என்று எங்களுக்குத் தோன்றியது. ஆயினும் பலர் ஆண்டுதோறும் அதே காட்டிற்குத் திரும்பி வருகிறார்களாம். தங்கும் அறைக்கு வாடகை உண்டு. கடைக்குப் போய்வர வேண்டுமானால் கனாப் என்னும் சிற்றூருக்கு 130 கிலோமீட்டர்.

யார் வேண்டுமானாலும் இவ்வேலைக்குப் போய்விட முடியாது. குடிநீருக்குத் தனியாகவும் கழிவுநீருக்குத் தனியாகவும் மாநில அரசு தேர்வு நடத்துகிறது. அரிசோனாவில் அதில் நான்கு படிகள் இருக்கின்றன. கணக்கு, வேதியியல், நுண்ணுயிரியல் மூன்றும் வேண்டும். "இவ்வளவு கணக்கு எதற்கு?" என்று சலித்துக்கொள்ளும் தோழியர் கவனிக்க: தொட்டியின் கொள்ளளவும் நீரின் வேகமும் தெரியாமல் எத்தனை கிராம் குளோரின் போடுவது?

பனி உருகத் தொடங்கியதும் வேலை ஆரம்பமாகிறது. குளிர்காலம் முழுவதும் வெறுமையாகக் கிடந்த குழாய்களில் எலியும் பூச்சியும் புகுந்திருக்கலாம், மூட்டுகள் விலகியிருக்கலாம். ஒவ்வொரு வால்வாகத் திறந்து, மெல்ல மெல்ல நீரை விட்டு, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றிக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திறந்துவிட்டால் நீரின் மோதலில் குழாயே வெடித்துவிடும். எங்கே கசிகிறது என்று நடந்து நடந்து பார்ப்பார்கள். பிறகு சாதாரண நாளில் போடுவதைவிடப் பல மடங்கு குளோரினைக் கலந்து, தொட்டியிலும் குழாயிலும் பல மணி நேரம் நிற்கவிட்டு, அத்தனையையும் வெளியேற்றி, நல்ல நீரால் நிரப்புவார்கள். அதன்பின் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். குடலில் வாழும் கோலிபார்ம் வகைக் கிருமிகள் உண்டா என்று பார்க்கும் ஆய்வு அது. மாதிரி எடுத்த 30 மணி நேரத்திற்குள் ஆய்வு தொடங்கிவிட வேண்டும். தவறினால் அந்த மாதிரி செல்லாது. ஆய்வுக்கூடம் வெகு தூரத்தில் இருக்கிற காட்டில் இது எத்தனை பெரிய ஓட்டம் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சிறு புட்டியைப் பனிக்கட்டியோடு பெட்டியில் வைத்துக்கொண்டு மலைச்சாலையில் விரைகிறார்கள்!

பருவம் தொடங்கியபின் நாள்தோறும் குளோரின் அளவைப் பார்க்க வேண்டும். சிறு குப்பியில் நீரை எடுத்து ஒரு தூளைப் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு குளோரின் எஞ்சியிருக்கிறது என்று பொருள். சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. குழாய்களில் ஓடும் நீரில் 4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் விடுதிக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுகிற நாளில், காப்பிகூட வாடை அடிக்கிறது என்று முகம் சுளிக்கிறோமே, அந்த வாடைதான் அங்கே பணியாளருக்கு நிம்மதி தரும் வாடை. பனி உருகும் நாள்களில் ஊற்று நீர் கலங்கி வரும். கலங்கல் இருந்தால் கிருமிகள் மண்துகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குளோரினுக்குத் தப்பிவிடும். எனவே முதலில் வடிகட்டல், பிறகே குளோரின். இந்த வரிசையை மாற்ற முடியாது.

இதில் ஒரு நாள் கவனக்குறைவு நேர்ந்தால் என்ன ஆகும்? இதற்கு விடை வேறொரு பூங்காவில் கிடைத்தது. ஆரிகன் மாநிலத்தில் கிரேட்டர் லேக் என்னும் ஏரி இருக்கிறது. எரிமலை ஒன்று இடிந்து விழுந்த பள்ளத்தில் தேங்கிய நீர். 594 மீட்டர் ஆழம். அந்நாட்டிலேயே ஆழமான ஏரி. நீலக்கண்ணாடி போன்ற தெளிவு. அங்கே ஆண்டொன்றுக்குச் சராசரியாக 12 மீட்டருக்கும் மேல் பனி பெய்கிறது. 1975ஆம் ஆண்டு ஜூன் மாதம் அப்பூங்காவில் ஊழியர்களுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. பிறகு விருந்தினருக்கும் கண்டது. காரணம் என்ன தெரியுமா? சாக்கடைக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டு, கழிவுநீர் மேலே பொங்கி, நிலத்தில் வழிந்து, குடிநீருக்கென்று வைத்திருந்த ஊற்றிலேயே கலந்துவிட்டது. நச்சை உண்டாக்கும் ஈ. கோலை என்னும் பாக்டீரியா நோயாளிகளிடமும் குடிநீரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. 2,000க்கு மேற்பட்ட விருந்தினரும் ஏறக்குறைய 200 ஊழியரும் நோயுற்றதாக மதிப்பிட்டார்கள். ஜூலை மாதத்தில் பூங்காவையே மூட நேர்ந்தது.

அன்புத் தோழியரே, அவ்வளவு தெளிந்த ஏரியின் கரையில், தூய பனி உருகிய ஊற்று நீரைக் குடித்தவர்கள் நோயில் விழுந்தார்கள் என்பதை நாங்கள் திரும்பத் திரும்பப் பேசினோம். கண்ணுக்குத் தெளிவாக இருப்பது வேறு, தூய்மையாக இருப்பது வேறு என்று அறிவியல் ஆசிரியை சொன்னது அப்பொழுதுதான் உறைத்தது. குடிநீரும் கழிவுநீரும் இரண்டு வேறு பாடங்கள் என்று எண்ணியிருந்தோம். அவற்றுக்கு நடுவே சில அடி மண்ணும் ஒரு மனிதனின் கவனமும்தான் இருக்கின்றன.

இப்படிப்பட்ட இடங்களில் தூங்கி எழும் குழாய்களே ஆபத்து என்று உணர்ந்து, அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டுமுதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. பருவகாலத்தில் மட்டும் இயங்கும் எந்தக் குடிநீர் நிலையமும், தொடக்க வேலைகள் அனைத்தையும் முறைப்படி செய்து முடித்ததாக எழுத்தில் உறுதி கூறிய பிறகே மக்களுக்குத் தண்ணீர் விட வேண்டும்.

இனிக் கழிவுநீர். மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இதுதான் சுவையான பகுதி. கழிவுநீரைச் சுத்தம் செய்வது இயந்திரம் என்று நினைக்கிறோம். உண்மையில் அவ்வேலையைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள். முதலில் துணி, காகிதம் போன்றவற்றைக் கம்பிச் சல்லடை தடுக்கும். பின்பு பெரிய தொட்டியில் காற்றைக் குமிழ் குமிழாகச் செலுத்துவார்கள். அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு பாக்டீரியாக்கள் அழுக்கை உண்டு பெருகும். பெருகியவை ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பு நிறத் திரளாக அடுத்த தொட்டியின் அடியில் படியும். மேலே தெளிந்த நீரை வடிகட்டிக் குளோரின் கலந்து வெளிவிடுவார்கள். அடியில் படிந்த கசடில் ஒரு பங்கை மறுபடி முதல் தொட்டிக்கே அனுப்புவார்கள். ஏனெனில் அதுதான் மறுநாள் வேலைக்கு வரும் கூலியாட்கள்!

நகரத்தில் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு கழிவு வரும். பூங்காவில் அப்படியன்று. குளிர்காலத்தில் ஒன்றுமே இல்லை, மே மாதத்தில் திடீரென்று ஆயிரம் பேர், விடுமுறை வாரத்தில் அதற்கும் மேல், திங்கட்கிழமை பாதி. நுண்ணுயிர்களுக்குத் தவக்காலமும் ஈஸ்டர் விருந்தும் மாறி மாறி வருகின்றன என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். உணவு திடீரென மிகுந்தால் அவற்றால் தின்று முடியாது. குறைந்தால் பட்டினியால் மடியும். அவற்றைச் சாகவிடாமல் காற்றையும் கசடையும் கூட்டிக் குறைத்துக் காப்பாற்றுவதே பணியாளரின் திறமை. பருவத் தொடக்கத்தில் தொட்டியில் உயிர்களே இல்லாவிட்டால், இயங்கிக்கொண்டிருக்கும் வேறொரு நிலையத்திலிருந்து கொஞ்சம் கசடைக் கொண்டுவந்து ஊற்றுவது வழக்கம். நம் வீட்டில் தயிர் இல்லாத நாளில் அடுத்த வீட்டில் உறை மோர் வாங்கி வருகிறோமே, அது போலத்தான். (இந்த உவமையை எழுதலாமா கூடாதா என்று நெடுநேரம் விவாதித்தோம். எழுதிவிட்டோம்.)

பணியாளர் குழிக்குள் இறங்குவதற்கும் விதி உண்டு. கழிவுநீர்க் குழியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு தேங்கும். அதன் அளவையும் ஆக்சிஜன் அளவையும் கருவியால் அளந்து பார்க்காமல் ஒருவரும் உள்ளே இறங்கக் கூடாது. ஒருவர் இறங்கினால் மற்றொருவர் மேலே காவல் நிற்க வேண்டும். இதைப் படித்தபொழுது நாங்கள் சற்று நேரம் பேசவில்லை. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடுக்க நம் நாட்டில் 1993ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அதற்குப் பின்னும் குழியில் இறங்கி மாண்டவர் செய்தியை நாளிதழில் வாசித்திருக்கிறோம். அவர்களை எந்தத் தேர்வும் எழுதச் சொல்லவில்லை. எந்தக் கருவியும் கொடுக்கவில்லை.

பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றங்கரையில் ஃபேன்டம் ரேன்ச் என்னும் சிறு விடுதி இருக்கிறது. அதற்குச் சாலை கிடையாது. அரிசியும் காய்கறியும் கடிதமும் கோவேறு கழுதைகளின் முதுகில் இறங்குகின்றன. குப்பை அதே கழுதைகளின் முதுகில் ஏறுகிறது. அங்கும் ஒரு கழிவுநீர் நிலையம் உண்டு. ஆற்றில் படகில் நாள்கணக்காகப் போகிறவர்களோ தங்கள் மலத்தையே பெட்டியில் அடைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும்; கரையில் விட்டுவரக் கூடாது. அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நோரோ வைரஸ் பரவி 200க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள்.

எங்கள் எல்லாருக்கும் பிடித்த மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் புரூஸ் எய்க்கன். நியூயார்க் நகரத்தில் பிறந்த ஓவியர். 1973ஆம் ஆண்டில் முழங்கும் ஊற்றின் அருகே பம்பு இயக்கும் வேலையில் சேர்ந்தார். ஊற்றிலிருந்து வட விளிம்புக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரம் தண்ணீரை ஏற்ற வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் மனைவியோடும் மூன்று குழந்தைகளோடும் அந்தப் பள்ளத்தாக்கினுள்ளேயே குடியிருந்தார். அக்கம்பக்கத்தில் வீடு இல்லை. பள்ளிக்கூடம் இல்லை, தாயாரே குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். மேலே போக வேண்டுமானால் எட்டுக் கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். வெயிலில் களைத்து நடந்து வரும் வழிப்போக்கர்களுக்கு அக்குழந்தைகள் எலுமிச்சை ரசம் விற்றார்களாம். தகப்பனார் பம்பைப் பார்த்துக்கொண்ட நேரம் போக, பாறையையும் நீரையும் ஓவியமாக வரைந்து புகழ் பெற்றார். தண்ணீரைச் சகோதரி என்று அழைத்த புனித பிரான்சிஸ் அசிசியார் இந்த வீட்டிற்கு வந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றிற்று. அந்தக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் உண்டா என்பது தனிக் கேள்வி.

மகிழ்ச்சியான செய்தியோடு நிறுத்திவிடலாம் என்றுதான் எண்ணினோம். ஆனால் 2025ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்லாமல் விட இயலவில்லை. அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் வட விளிம்பில் மின்னல் தாக்கி ஒரு தீ பிடித்தது. முதலில் அதைக் கட்டுக்குள் வைத்து எரியவிட்டிருந்தார்கள். சில நாள்களில் காற்று மாறியது. ஜூலை 12ஆம் நாள் தீ வட விளிம்பின் குடியிருப்பிற்குள் பாய்ந்தது. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் எரிந்து, அங்கே வைத்திருந்த குளோரின் வாயு வெளியேறியது. அதனால் தீயணைப்போர் பின்வாங்க வேண்டியதாயிற்று. வேதியியல் படித்த நமக்குத் தெரியும், குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. கனமான வாயு எங்கே போகும்? கீழே. அதற்கு அஞ்சியே பள்ளத்தாக்கினுள் நடந்துகொண்டிருந்தவர்களையும் ஆற்றங்கரை விடுதியில் இருந்தவர்களையும் வெளியேற்றினார்கள். அந்த இரவிலேயே 1937ஆம் ஆண்டில் திரும்பக் கட்டப்பட்டிருந்த பழைய விடுதியும் எரிந்து போயிற்று. 1,45,000 ஏக்கருக்கு மேல் காடு அழிந்தது. வட விளிம்பு அந்தப் பருவம் முழுவதும் மூடப்பட்டது.

ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் காத்த அதே பொருள், அன்று ஆபத்தாக மாறியது. விடுதி எரிந்ததைப் பற்றித்தான் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின, படங்களும் போட்டன. சுத்திகரிப்பு நிலையத்தின் படம் ஒன்றும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நீரில்லாத இடத்தில் எத்தனை அழகான விடுதியைத் திரும்பக் கட்டினாலும் ஒரு விருந்தினரையும் ஓர் இரவு தங்க வைக்க முடியாது என்பதை 2024ஆம் ஆண்டின் குழாய் உடைப்பே காட்டிவிட்டது.

வழக்கமான ஆண்டுகளில் அக்டோபர் 15ஆம் நாளுக்குப் பின் நடப்பதையும் சொல்லிவிடுகிறோம். கடைசி விருந்தினர் கிளம்பியதும் பணியாளர்கள் ஒவ்வொரு கட்டிடமாகப் போய்த் தண்ணீரை நிறுத்துவார்கள். நீர் உறையும்பொழுது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு விரிவடையும். குழாயில் ஒரு கைப்பிடி நீர் எஞ்சினாலும் குளிர்காலத்தில் இரும்பையே பிளந்துவிடும். ஆகவே தாழ்ந்த இடத்து வால்வுகளைத் திறந்து வடியவிட்டு, பிறகு அழுத்தக் காற்றைச் செலுத்தி எஞ்சிய துளியையும் ஊதித் தள்ளுவார்கள். குழாய்முனைகளிலிருந்து முதலில் நீர், பிறகு சாரல், பிறகு வெறும் காற்று வரும். கழிவறைத் தொட்டியின் வளைவுகளில் உறையாத திரவத்தை ஊற்றுவார்கள். ஒவ்வொரு வால்வும் எந்நிலையில் விடப்பட்டது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பார்கள். அடுத்த ஏப்ரலில் வருகிறவர் அவர்களாகவும் இருக்கலாம். முன்பின் அறியாத வேறொருவராகவும் இருக்கலாம்.